முந்நூற்றுப் பன்னிரண்டு பாராட்டுகள்

தையல்காரம்மா அழும்போதும் மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் ஆறு சீருடை முடியாது. ஊசி பாட்டுக்கு ஓட, கண்ணீர் பாட்டுக்கு வழிய, வாய் மட்டும் நிதானமாக விஷயத்தைச் சொன்னது.

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருஷமாக ஒரே கம்பெனி. எட்டு நாள் முன்னால், அவர் பார்த்துக்கொள்ளும் ஒரு குடியிருப்பில் லிப்ட் பிரேக் பிடிக்காமல் இரண்டு மாடி சறுக்கி அடியில் போய் மோதியது. உள்ளே இருந்த வங்கி ஊழியர் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. 'பிரேக் தேய்ந்துவிட்டது என்று ஒரு வாரம் முன்பே கம்பெனி வெப்சைட்டில் எழுதிப் போட்டேன்' என்கிறார் மெக்கானிக். 'அப்படி எதுவும் வரவே இல்லை' என்கிறது கம்பெனி; கடிதம் கொடுத்து அவரை வீட்டுக்கும் அனுப்பிவிட்டது.

"நேர்ல வாயால சொல்லியிருக்கலாமேம்மா?" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த பட்டாசு.

"சொல்லத்தான் போனாருங்க. வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலயே, இனிமே பேப்பரும் கிடையாது, பேச்சும் கிடையாது, எல்லாம் வெப்சைட்லதான்னு மேனேஜர் சொல்லிட்டார்."

"வெப்சைட்ல எந்த இடத்துல எழுதினார்?" இது அண்ணி.

"அங்கதான் சிக்கலே. கீழே ஓரமா, சாம்பல் கலர்ல மங்கலா ஒரு எழுத்து இருந்துச்சாம். அதை அழுத்தினாராம். இப்பப் போய்ப் பார்த்தா அப்படி ஒண்ணும் இல்ல. மேல பெருசா, சிவப்பா 'புகார்'னு ஒரு பட்டன் இருக்கு. கண்ணு இருக்கிறவனுக்கு இது தெரியாம போகுமான்னு கேக்கிறாங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு விசாரணை. அவருக்கே இப்ப சந்தேகம் வந்துடுச்சு. நான் நிஜமாவே பார்த்தேனான்னு என்னைக் கேக்கிறார்."

மிஷின் அப்போதுதான் நின்றது.

அண்ணி எழுந்தாள். இருபது வருஷம் ஒரு நாளிதழில் பக்கம் கட்டியவள். எந்தச் செய்தியை மேலே வைத்தால் ஊர் பேசும், எதைக் கீழே எட்டாம் பத்தியில் செருகினால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆசிரியர்கள் எதை எங்கே ஒளிக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே துப்பறியக் கற்றுக்கொண்டவள். வேலையை விட்டபோது கையோடு கொண்டுவந்தது ஓர் இரும்பு ஸ்கேல் மட்டும்தான்.

பட்டாசு அவளுடைய நாத்தனார். பெயரே அவள் வாய்க்கு வைத்ததுதான்; அந்த வாயால் மூன்று வேலை போனது. நான்காவது வேலையாக அண்ணியிடம் வந்து சேர்ந்தாள். அவள் எந்நேரமும் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில், வழக்கோடு வருகிறவர்களும் அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தையல்காரம்மாவுக்கு அறுபது வயது. அவளுக்கும் அண்ணிதான்.

வெளியே வந்ததும் பட்டாசு கேட்டாள். "இப்ப எங்க?"

"அந்தக் கம்பெனிக்கு. வெப்சைட் பார்க்க."

"வெப்சைட்டைப் போன்லயே பார்க்கலாமே? அதுக்கு எதுக்கு ரெண்டு பஸ் மாறிப் போகணும்?"

"வெப்சைட்டை எங்கிருந்து வேணா பார்க்கலாம். அதைப் பயன்படுத்துற ஆளை அங்கதான் பார்க்க முடியும்."

லிப்ட் கம்பெனி அலுவலகம் தரைத்தளத்தில் இருந்தது. பட்டாசு அதைப் பார்த்து வாய் திறக்கப் போனாள். அண்ணி அவள் கையைக் கிள்ளினாள்.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அண்ணி சொன்னது இவ்வளவுதான்: "உங்க வெப்சைட்டைப் பார்த்து மதிப்பெண் போட வந்திருக்கோம். நிறம், அமைப்பு, வழி. மூணும் பார்ப்போம்."

அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. மீதியை மேனேஜரே சேர்த்துக்கொண்டார். அறையிலிருந்து ஓடிவந்து கை குவித்தார்.

"விருதுக் குழுவா? வாங்க, வாங்க. நானே உங்களுக்கு எழுதிப் போடணும்னு இருந்தேன்."

'நாங்கள் விருதுக் குழு' என்று அண்ணி சொல்லவில்லை. 'இல்லை' என்றும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கோடு போட்ட தாளையும் இரும்பு ஸ்கேலையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஸ்கேலைக் கண்டதும் மேனேஜர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

திரையில் வெப்சைட் திறந்தது. மெதுவாகத்தான் திறந்தது. ஒரு மலை, அதன் பின்னால் சூரியன், சூரியனுக்குள் கண்ணாடி லிப்ட் ஒன்று மிதந்து ஏறியது. சூரியன் முழுதாக எழும்பும் வரை வேறு எதையும் அழுத்த முடியவில்லை.

"விடியறதுக்கு எவ்வளவு நேரமாகும் சார்?" என்றாள் பட்டாசு.

"பதினோரு செகண்ட். என் மச்சினன் ஐடியா. அவன்தான் வடிவமைச்சான்."

"அப்ப வீட்டுலயே விருது கிடைச்சிருக்குமே."

மேனேஜர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். சூரியன் எழுந்தபின் மேலே நான்கு தலைப்புகள் வந்தன: எங்கள் பயணம், எங்கள் உயரம், எங்கள் கனவு, எங்கள் குடும்பம். நடுவில் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு: 'பாராட்டுகள்: 312. குறைகள்: 0.' வலப்பக்கம் மேலே சிவப்பாக ஒரு பட்டன், 'புகார்'.

"மூணு மாசத்துல ஒரு புகார்கூட இல்ல," என்றார் மேனேஜர். "வெப்சைட் மாத்தறதுக்கு முன்னால மாசம் நூறு வரும். போன் அடிச்சுக்கிட்டே இருக்கும். இப்பப் பாருங்க, எவ்வளவு அமைதி!"

உண்மையில் அலுவலகம் அமைதியாகத்தான் இருந்தது. எட்டு நாள் முன்னால் லிப்ட் விழுந்து, நாளை விசாரணை நடத்தப்போகும் கம்பெனி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"முதல்ல நிறம்," என்றாள் அண்ணி. "பட்டாசு, கண்ணைச் சுருக்கிக்கிட்டுத் திரையைப் பாரு. எழுத்து ஒண்ணும் புரியாத அளவுக்குச் சுருக்கு. இப்ப எது தெரியுது?"

"சிவப்புப் பட்டன் மட்டும்தான் அண்ணி. மூக்கு மேல பரு மாதிரி."

"சரி. மத்த நிறமெல்லாம்?"

"நீலம், வெள்ளை, சாம்பல். அவ்வளவுதான்."

அண்ணி மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். விசிட்டிங் கார்டு நீலம். கடிதத் தாள் நீலமும் சாம்பலும். பேனாகூட நீலம். "உங்க கம்பெனியில சிவப்பு எங்கயுமே இல்லையே சார்?"

"அது... கவனத்தை இழுக்கணும்னு போட்டது. முதல் நாள்லேர்ந்தே இருக்கு."

"நல்லது. அடுத்தது அமைப்பு." இரும்பு ஸ்கேலைத் திரைமேல் வைத்தாள். "உங்க மச்சினன் கை சுத்தமான கை. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல சரியா ஒரு விரல்கடை இடம் விட்டிருக்கார். எங்கயும் பிசகல. சிவப்புப் பட்டன்கிட்ட மட்டும் அரை விரல்கடை. சூரியனோட ஓரத்தைக்கூட வெட்டுது. எழுத்தோட வடிவமும் வேற."

"அது ஒரு... புதுமை."

"பந்தியில எல்லாரும் உட்கார்ந்த பிறகு வந்து இடுக்கில நுழைஞ்ச ஆள் மாதிரி இருக்கு," என்றாள் பட்டாசு.

மேனேஜர் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டதை இருவரும் கவனித்தார்கள். ஆனால் அரை விரல்கடையை வைத்துக்கொண்டு நாளை காலை விசாரணையில் ஒன்றும் செய்ய முடியாது. மச்சினன் கை நடுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

"கடைசியா வழி," என்றாள் அண்ணி. "இதை நாங்க பார்த்தா பத்தாது. தினமும் இதோட பழகுறவங்க ஓட்டிக் காட்டணும்."

வரவேற்புப் பெண்ணின் மேஜைக்கு எல்லோரும் போனார்கள். முப்பது வயதிருக்கும் அவளுக்கு. மேனேஜர் பின்னால் வந்து நின்றதும் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"ஒருத்தருக்கு லிப்ட் சரியில்ல. உங்ககிட்ட வந்து சொல்றார். எங்க எழுதணும்னு காட்டுங்க," என்றாள் அண்ணி.

அந்தப் பெண்ணின் கை மௌஸைப் பிடித்தது. அம்புக்குறி ஒரே ஓட்டமாகத் திரையின் கீழ் இடது மூலைக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. கை சட்டென்று நின்றது. பிறகு, பழைய வீட்டு வாசலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவளைப் போல, மெல்ல மேலே ஏறிச் சிவப்புப் பட்டனில் போய் நின்றது.

"இதோ, இங்க," என்றாள்.

"அழகு. இப்ப 'எங்கள் கனவு' பக்கத்துலேர்ந்து காட்டுங்க."

மறுபடியும் அம்புக்குறி முதலில் கீழ் மூலைக்குத்தான் ஓடியது. மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். கை அவசரமாக மேலே ஏறியது.

பட்டாசு குனிந்து திரையின் சட்டத்தைப் பார்த்தாள். கீழ் இடது ஓரத்தில், காகிதத்தில் வெட்டிய சின்ன அம்பு ஒன்று ஒட்டியிருந்தது. ஒட்டுநாடா மஞ்சள் பூத்துப்போயிருந்தது. அம்பு, ஒன்றுமே இல்லாத அந்த வெள்ளை மூலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இது யாருக்கு வழி காட்டுது? எறும்புக்கா?"

வரவேற்புப் பெண் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் அம்பைப் பார்த்தார். அதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அது... சும்மா ஒட்டினது," என்றாள் அவள்.

அண்ணி மேற்கொண்டு அவளைக் கேட்கவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பி, தேனாக ஒரு புன்னகை வைத்தாள். பட்டாசுக்கு அந்தப் புன்னகை தெரியும். அதைக் கண்டால் இரண்டடி தள்ளி நிற்பாள்.

"சார், புகார் இல்லைங்கிறது சரி. பாராட்டு முந்நூத்துப் பன்னிரண்டு வந்திருக்குன்னு போட்டிருக்கீங்களே, அது நிஜம்னு எப்படித் தெரியும்? எண்ணை யார் வேணா போட்டுக்கலாம்."

மேனேஜருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அத்தனையும் நிஜம்மா! ஜனங்க அவங்களே எழுதினது. தானா வந்து விழுந்து எண்ணிக்கை ஏறும்."

"படிச்சிருக்கீங்களா?"

"பாராட்டைப் போய் எதுக்குப் படிக்கணும்? காலையில வந்ததும் எண்ணைப் பார்ப்பேன். மனசு நிறைஞ்சிடும்."

"அப்ப எல்லாத்தையும் அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் உங்க கையெழுத்தும் கம்பெனி சீலும் போட்டுக் கொடுங்க. அதுக்கு நான் தனியா மதிப்பெண் போடறேன்."

அச்சு இயந்திரம் இருபத்தாறு பக்கம் துப்பியது. சூடு ஆறுமுன்பே மேனேஜர் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். ஒரு வரியைக்கூடப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவரை வீட்டுக்கு அனுப்பும் கடிதத்திலும் இப்படித்தான் போட்டிருப்பார் என்று பட்டாசுக்குத் தோன்றியது. கையெழுத்து, சீல், அடுத்தது. கையெழுத்து, சீல், அடுத்தது. இருபத்தாறாவது சீல் விழுந்ததும் அண்ணி தாள்களை வாங்கிப் பட்டாசிடம் நீட்டினாள்.

"சத்தமாப் படி."

பட்டாசு தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "பாராட்டு எண் ஒன்று. ஐந்து நட்சத்திரம். 'லிப்ட் கதவு மூடவே மாட்டேங்குது. மூணு நாளாச்சு. யாராவது வாங்க.'"

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாராட்டு எண் ரெண்டு. ஐந்து நட்சத்திரம். 'நாலாவது மாடி பட்டனை அழுத்தினா ஆறாவது மாடிக்குப் போகுது.' அதை உயர்வுன்னு எடுத்துக்கலாம் சார். பாராட்டு எண் நாற்பத்து நாலு. 'உங்க கம்பெனியில ஆள் இருக்காங்களா?' நாற்பத்து அஞ்சு. 'அப்ப இல்லையா?' ஒவ்வொண்ணுக்கும் அடியில பதில் வேற போயிருக்கு. 'நன்றி! உங்கள் அன்புக்குத் தலைவணங்குகிறோம்.'"

மேனேஜர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "இது... இது எப்படி..."

"கீழ் மூலையில இருந்த அந்தச் சாம்பல் எழுத்து என்ன?" அண்ணி வரவேற்புப் பெண்ணைக் கேட்டாள். இந்த முறை அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை.

"'உங்கள் குரல்'னு இருந்துச்சு மேடம். வெள்ளையில சாம்பல். என் கண்ணுக்கே தெரியாது. வர்றவங்க எங்க எழுதணும்னு கேட்டுக் கேட்டு, அம்பு வெட்டி ஒட்டினேன். விபத்து நடந்த மறுநாள் அதை எடுத்துட்டுச் சிவப்புப் பட்டன் வெச்சாங்க. கேட்டா முதல்லேர்ந்தே இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாங்க."

"கையைப் பொய் சொல்ல வைக்க முடியல," என்றாள் அண்ணி. "மூணு மாசம் போய்ப் பழகின இடத்துக்கு அது தானா போகுது. அங்க ஜனங்க எழுதியிருக்காங்கன்னா எழுதினது எங்கயாவது சேர்ந்திருக்கணும். இந்த வெப்சைட்ல ஏறிக்கிட்டே இருந்த எண் ஒண்ணே ஒண்ணுதான்."

மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "புகார்ங்கிற வார்த்தையே வெப்சைட்ல இருக்கக் கூடாதுன்னு மச்சினன்கிட்ட நான்தான் சொன்னேன். கெட்ட வார்த்தை மாதிரி இருக்குன்னு. அவன் புகார்ப் பெட்டியை எடுத்துட்டு, வர்றதையெல்லாம் மிச்சம் இருந்த பாராட்டுப் பெட்டியில விட்டிருக்கான். சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. நிஜமாவே எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கன்னு நினைச்சேன்."

அதை அண்ணி நம்பினாள். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. திட்டம் போட்டு ஒளித்தவனாக இருந்தால் எதை ஒளித்தோம் என்றாவது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"எண் இருநூத்து எண்பத்தேழு," என்று பட்டாசு படித்தாள். அவள் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "'குடியிருப்பு லிப்ட்ல பிரேக் கட்டை தேஞ்சு போச்சு. தளத்துக்கு ஒரு சாண் கீழ போய் நிக்குது. கருகின வாசனை வருது. உடனே நிறுத்தி மாத்தணும்.' கீழே மெக்கானிக்கோட ஊழியர் எண். தேதி, விபத்துக்கு ஏழு நாள் முன்னால. ஐந்து நட்சத்திரம்."

மேனேஜரின் கை காகிதத்தை நோக்கி நீண்டது. பட்டாசு தாள்களை நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க போட்ட கையெழுத்து சார். சீலும் உங்களுது. எழுந்திருக்கச் சொன்னா எழுந்திருக்கிறேன், ஆனா நாளைக்குப் பத்து மணிக்குத்தான்."

வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். பட்டாசு அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தாள். அண்ணி அதைக் கவனிக்கவில்லை. உட்கார்வதற்கு முன்னால் நழுவி விழுந்த கடைசித் தாள் அவள் கையில் இருந்தது. அவள் முகம் மாறியிருந்தது.

"முந்நூத்தி ஒண்ணு. 'நாங்கள் முதியோர் இல்லத்திலிருந்து எழுதுகிறோம். லிப்ட் தளத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. கருகின வாசனை வருகிறது. இரண்டாவது முறை எழுதுகிறோம்.'" தலை நிமிர்ந்தாள். "இது எந்த லிப்ட்?"

"விழுந்த லிப்டோட அதே மாடல். ஒரே வருஷம் போட்டது," என்றார் மேனேஜர்.

"யாராவது போய்ப் பார்த்தாங்களா?"

"பாராட்டுதானே... யாரும் போகல."

"இப்ப ஓடிக்கிட்டு இருக்கா?"

மேனேஜர் பாய்ந்து மௌஸைப் பிடித்தார். இல்லத்தின் தொலைபேசி எண் வேண்டும். மலை வந்தது. சூரியன் நிதானமாக எழும்ப ஆரம்பித்தது.

"விடியட்டும் சார், நாங்க இருக்கோம்," என்று பட்டாசு சொல்ல நினைத்தாள். சொல்ல வரவில்லை. பதினோரு விநாடி அவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

'எங்கள் பயணம்' திறந்தார். அதில் நிறுவனரின் புகைப்படம். 'எங்கள் உயரம்' திறந்தார். மறுபடியும் மலை. "எங்க வெச்சான், எங்கடா வெச்சான்..." 'எங்கள் குடும்பம்' திறந்தார். வாடிக்கையாளர் கட்டடங்கள் வரிசையாக, வண்ண வண்ணமாக, கண்ணைப் பறிக்கும் படங்கள். இல்லத்தின் படமும் இருந்தது. அழுத்தினார். படம் பெரிதானது. எண் எங்கேயும் இல்லை. மூன்று மாதமாக ஊரே தட்டித் திரிந்த சுவரில் இப்போது அவர் தலை முட்டியது.

வரவேற்புப் பெண் மேஜை இழுப்பறையைத் திறந்து, கிழிந்த அட்டை போட்ட ஒரு ரிஜிஸ்டரை எடுத்தாள். "பழசையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னீங்க சார். இதை மட்டும் நான் போடல." மூன்றாவது பக்கம் புரட்டுமுன்பே எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தாள். ஒலிபெருக்கியை அமுக்கினாள்.

"ஹலோ, முதியோர் இல்லம்."

"லிப்டை நிறுத்துங்க!" என்று கத்தினார் மேனேஜர். "இப்பவே! யாரையும் ஏற விடாதீங்க!"

மறுமுனையில் ஒரு பெண் குரல் வேறு யாரையோ நோக்கிக் கத்தியது. ஓடும் செருப்புச் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி ஸ்கேலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பட்டாசு நாற்காலியின் ஓரத்துக்கு வந்திருந்தாள்.

"நிறுத்தியாச்சு," என்றது குரல், மூச்சு வாங்க. "ரெண்டாவது மாடியில தாத்தா ஒருத்தர் சக்கர நாற்காலியோட பாதி உள்ள போயிட்டார். பின்னால இழுத்தாச்சு. அவர் கோபமா இருக்கார்."

"இருக்கட்டும்மா," என்றாள் அண்ணி. "கோபமா இருக்கட்டும்."

அந்த மாடலின் பிரேக்கைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் கம்பெனியில் ஒருவர்தான். அதை மேனேஜருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். எண்ணை அண்ணிதான் சொன்னாள்.

தையல்காரம்மா எடுத்தாள். மேனேஜர் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் முதியோர் இல்லத்தில் ஆரம்பித்து, பிரேக்குக்குப் போய், பாராட்டு எண் இருநூற்று எண்பத்தேழுக்கு வந்தார்.

"வந்து, அவர்கிட்ட சொல்லுங்கம்மா, நடுவுல ஒரு சின்னத் தவறான புரிதல்..."

"அவர் கிளம்பிட்டார்," என்றாள் தையல்காரம்மா. "முதியோர் இல்லம்னு காதுல விழுந்ததுமே சாமான் பையை எடுத்துட்டார். நீங்க போனை வெச்சுடாதீங்க. பக்கத்துல பேப்பர் பேனா இருக்கா?"

"இருக்கு."

"எழுதுங்க. 'மெக்கானிக் சொன்னது உண்மை.' எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"அடுத்த வரி. 'அவரிடமிருந்து புகார் வந்தது.'"

மேனேஜரின் நீலப் பேனா அந்தச் சொல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதியது.